நடுகல் தேடிப் போகிறவர்கள் செய்யும் பிழைகள்

பர்கூர் பக்கம் ஓர் ஊர். புளியமரத்தடியில் பாதி புதைந்து நின்ற நடுகல் ஒன்றை, அதாவது சண்டையில் இறந்த வீரனுக்காக ஊரார் நட்ட வீரக்கல்லைச் சுற்றி எங்கள் குழு நின்றுகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. கூட வந்த தம்பி ஒருவன் அங்கேயே கைப்பேசியை எடுத்து "புதிய நடுகல் கண்டுபிடிப்பு" என்று தட்ட ஆரம்பித்துவிட்டான். ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஓர் ஆயா சற்று நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ஏம்ப்பா, எங்க வேடியப்பன் எப்ப தொலைஞ்சு போனாரு, நீங்க வந்து கண்டுபிடிக்க?"

தம்பி தட்டியதை அழித்துவிட்டான். மரபு நடை, வரலாற்று உலா என்று கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதிக்கு மேல் அந்த "கண்டுபிடிப்பு" என்கிற சொல்லிலிருந்தே முளைக்கின்றன என்பது என் எண்ணம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நடுகல் என்பது காட்சிப்பொருள் இல்லை; பல ஊர்களில் அது வேடியப்பன் சாமி. பொங்கல் வைக்கிறார்கள், படையல் போடுகிறார்கள், பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைக்கிறார்கள். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று கல் நடுவதற்கு வரிசை சொல்கிறது. அதில் கடைசியாக வரும் வாழ்த்து இங்கே இன்னும் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே கல்லிடம் போவதற்கு முன்னால் ஊருக்குள் போக வேண்டும். பூசாரி யார், நிலம் யாருடையது, செருப்பை எங்கே விடுவது, எல்லாரும் கிட்டே போகலாமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இதில் மரியாதை மட்டும் இல்லை, நம் பாதுகாப்பும் இருக்கிறது. பத்து பைக்கில் வந்து இறங்கி, டேப் பிடித்து அளந்து, கேமராவைத் தூக்கினால் ஊர்க்காரருக்கு நாம் வரலாற்று ஆர்வலராகத் தெரிய மாட்டோம். ஒன்று நிலம் எடுக்க வந்தவர்கள், இல்லையென்றால் கல் குவாரிக்கு இடம் பார்க்கிறவர்கள், அதுவும் இல்லையென்றால் புதையல் தோண்டுகிறவர்கள். மூன்றையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒருமுறை எங்களை ஒரு டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். டீயும் கொடுத்தார்கள், அது வேறு விஷயம்.

அடுத்தது நானே செய்த தவறு. குழு ஆரம்பித்த புதிதில், எழுத்துள்ள கல்லைப் பார்த்தால் சாக்பீஸ் பொடியையோ மைதா மாவையோ அள்ளித் தேய்ப்போம். வெள்ளை வெளேரென்று எழுத்து எழுந்து நிற்கும், படம் அருமையாக வரும். இப்படி எடுத்த ஒரு படத்தை மூத்த கல்வெட்டு ஆய்வாளர் ஒருவரிடம் காட்டினேன். "இதில் எது கல், எது உன் விரல்?" என்று கேட்டார். விளங்கவில்லை. மறுபடி போய் மாவு இல்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது, நாங்கள் எழுத்தின் கால் (ா) என்று நினைத்து நிரப்பியது கல்லில் இயற்கையாக ஓடிய விரிசல். பொடி பூசும்போது, இருக்கும் எழுத்தை அல்ல, இருக்கும் என்று நாம் நம்புகிற எழுத்தைத்தான் வரைகிறோம். அந்தப் படம் பத்திரிகையில் வந்துவிட்டால் பின்னால் வருகிறவர்களும் அதையே படிப்பார்கள். போதாததற்கு அந்த மாவு குழிகளில் ஒட்டிக்கொண்டு பூசணம் பிடிக்கும். அதை எடுக்க இன்னொருவர் கம்பி பிரஷ்ஷோடு வருவார். எண்ணெய், பெயின்ட், ஆசிட் எல்லாம் இதே கதைதான். ஆயிரத்து முந்நூறு ஆண்டு மழைக்கு அசையாத கோடு ஒரு கம்பி பிரஷ்ஷுக்குப் போய்விடும்.

இதற்கு மாற்று வழி எளிது, செலவும் இல்லை. மண் ஒட்டியிருந்தால் ஊர்க்காரர் அனுமதியோடு வெறும் தண்ணீரும் மெல்லிய தூரிகையும் போதும். உச்சி வெயிலில் எழுத்து தட்டையாகத் தெரியும். காலை ஏழு மணிக்கும் மாலை ஐந்தரைக்கும் சாய்ந்து விழும் வெளிச்சத்தில் அதே எழுத்துக்கு நிழல் விழும், நிழல்தான் நமக்குப் படிக்கத் தரும். நேரம் தப்பிவிட்டதா? கறுப்புப் போர்வை ஒன்றைக் கல்லுக்கு மேலே இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, மூன்றாமவர் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒரு பக்கத்தில் மறைவது இன்னொரு பக்கத்தில் தெரியும். ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி இருந்தால் வெயிலையே திருப்பிவிடலாம். அளவுகோல் ஒன்றையும் படத்தில் வையுங்கள். எங்களிடம் அளவுகோல் மறந்துபோன நாட்களில் தீப்பெட்டி நின்றிருக்கிறது.

மைப்படி, அதாவது கல்லெழுத்தைக் காகிதத்தில் ஒற்றியெடுக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் இறக்கி, அது காய்ந்து வரும் பதத்தில் மேலே மை ஒற்றுவார்கள். பார்க்க எளிது. காகிதம் கிழிந்தால் மை கல்லில் இறங்கிவிடும், அப்புறம் அது போகாது. பயிற்சி பெற்றவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

சரி, படம் எடுத்தாயிற்று, படிக்க வேண்டும். இங்கேதான் கற்பனை குதிரை மாதிரி ஓடும். இந்தப் பக்கத்துப் பழைய நடுகற்களில் பல, தமிழின் பழைய எழுத்து வடிவமான வட்டெழுத்தில் உள்ளவை. பெரும்பாலும் "கோவிசைய" என்று தொடங்கி அரசன் பெயர், பிறகு அவனது ஆட்சியாண்டு, பிறகு எந்த நாடு எந்த ஊர், எந்தப் பூசலில், யாருடைய சேவகன், கடைசியில் "பட்டான் கல்". பட்டான் என்றால் இறந்தான். தெரியாமல் அதை வீரனின் பெயராக்கி, பட்டாணியர் இங்கே வந்ததற்குச் சான்று என்று எங்கள் கூட்டத்திலேயே ஒருவர் அரை மணி நேரம் பேசினார். "தொறு" என்றால் மாட்டு மந்தை. தொறு மீட்டுப் பட்டான் என்றால் மந்தையை மீட்கும் சண்டையில் செத்தான். வட்டெழுத்தில் ப, ய, வ மூன்றும் அண்ணன் தம்பி போல இருக்கும், மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. முதல் வாசிப்பு ஒருபோதும் முடிந்த வாசிப்பு அல்ல. எழுத்தே இல்லாத கற்களிலும் அவசரம் கூடாது. புலியோடு நிற்பவன் புலிகுத்திப் பட்டவன், தன் கழுத்தில் தானே வாள் வைத்திருப்பவன் நவகண்டம் (தன்னையே பலி) கொடுத்தவன், பக்கத்தில் கை உயர்த்தி நிற்கும் பெண் உடன்கட்டை ஏறியவள். மூன்றையும் "போர்வீரன் சிற்பம்" என்று ஒரே வரியில் அடைத்துவிடுகிறோம்.

எல்லாவற்றையும் அதியமான் தலையில் கட்டுவது எங்கள் மாவட்டத்துக்கே உரிய நோய். தகடூர் என்ற பழைய பெயர் கொண்ட தருமபுரி மண்ணில் பிறந்தவர்களுக்கு அந்த ஆசை இயல்பு, எனக்கும் உண்டு. ஆனால் அதியமான் நெடுமான் அஞ்சி சங்ககாலத்தவன். அவன் பெயர் பொறித்த தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டு 1981-இல் கிடைத்தது திருக்கோவிலூர் பக்கத்து ஜம்பையில், நம் மாவட்டத்தில் அல்ல. இங்குள்ள வட்டெழுத்து நடுகற்களில் பல்லவ அரசர்களான சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆட்சியாண்டுகள் வருகின்றன. அதாவது 6, 7-ஆம் நூற்றாண்டு. நெல்லிக்கனி கொடுத்த காலத்துக்கும் இவற்றுக்கும் நடுவே சில நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலின் சுவரோவியங்களோ இன்னும் பிந்தியவை. பெயரில் அதியமான் இருப்பதால் ஓவியமும் அவன் காலத்தது ஆகிவிடாது. (அங்கே ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்காதீர்கள்.)

தமிழ் எழுத்து இல்லையென்றால் "புரியாத எழுத்து" என்று விட்டுவிட்டு வருவது இன்னொன்று. 9-ஆம் நூற்றாண்டில் தருமபுரி, நுளம்பர் என்ற கன்னட அரச மரபினர் கையில் இருந்தது. கோட்டைப் பகுதியின் மல்லிகார்ஜுனர் கோயிலில் தொங்கும் தூணைத் தடவிப் பார்க்கும் கூட்டம், அந்தத் தூண்களின் நுளம்பர் வேலைப்பாட்டைப் பார்ப்பதில்லை. கன்னட நாட்டுப் போசள மரபின் ராமநாதன் நம் குந்தாணியில் இருந்து ஆண்டவன். ஆக இங்கே கன்னடக் கல்வெட்டு இருப்பது வியப்பல்ல. தெலுங்கும் உண்டு. ஓசூர், தளி பக்கம் போகும்போது கன்னடம் படிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துப் போங்கள். ஊரிலேயே கிடைப்பார்.

காலத்தைக் கூட்டிச் சொல்வதைப் பற்றி இன்னும் கொஞ்சம். கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறை அகழாய்வில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட பிறகு, கிருஷ்ணகிரியில் எந்தப் பாறையில் கோடு தெரிந்தாலும் 4200 ஆண்டு ஆகிவிட்டது. அந்த எண் ஒரு மலைக்குக் கொடுத்த வயது அல்ல. குழியில் 104 செ.மீ. ஆழத்திலும் 130 செ.மீ. ஆழத்திலும் எடுத்த மாதிரிகளைச் சோதித்ததில் முறையே கி.மு. 1615, கி.மு. 2172 என்று வந்தது. ஆழம்தான் அங்கே சாட்சி. ஒரு சாண் மேலே கீழே போனாலே ஐந்நூறு ஆண்டு மாறுகிறது பாருங்கள்.

இதைப் புரிந்துகொண்டால், ஓடு பொறுக்குவது ஏன் தவறு என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து அலமாரியில் வைத்தால் அது வெறும் ஓடு. கிடந்த இடத்தில் இருந்தவரை அது ஒரு செய்தி. கூட வரும் பள்ளிப் பிள்ளைகள் கைநிறையப் பொறுக்கும்; அதட்டாமல், படம் எடுத்துவிட்டு அதே இடத்தில் வைக்கச் சொல்லுங்கள், விளையாட்டாகவே பழகிவிடும். மண்ணில் புதைந்த விலையுள்ள பொருள் கிடைத்தால் கதை வேறு. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது; பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவானாலும் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். பத்து ரூபாய் என்பது அந்தக் காலத்தில் வைத்த வரம்பு, சட்டம் மாறவில்லை.

மல்லச்சந்திரம் மலை மேல் கற்திட்டைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று. நாலு பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், முன்பலகையில் வட்டத் துளை. பார்த்தவுடன் எல்லாருக்கும் அந்தத் துளைக்குள் தலையை விட்டுப் படம் எடுக்கத் தோன்றும், மூடுகல் மேல் ஏறி நிற்கத் தோன்றும். அந்தப் பலகைகளைப் பிடித்து நிறுத்தியிருப்பது சுண்ணாம்பும் இல்லை, சிமென்டும் இல்லை, வெறும் எடைச் சமநிலை. உட்புறப் பலகைகளில் வெள்ளை ஓவியம் இருக்கக்கூடும், உங்கள் முதுகு அதில்தான் உரசும். இது ஈமச்சின்னம் என்பதையும் நினைவில் வையுங்கள். உங்கள் தாத்தா சமாதிமேல் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுவீர்களா?

இடத்தை அப்படியே வரைபடப் புள்ளியோடு எல்லாருக்கும் அனுப்பிவிடுவது அண்மைக்காலத் தவறு, என் கணக்கில் மிகக் கெட்டதும் இதுதான். கற்திட்டைக்குக் கீழே பொன் இருக்கிறது என்று நம்பித் தோண்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். துல்லியமான புள்ளி தொல்லியல் துறைக்கும் உங்கள் குறிப்பேட்டுக்கும் போதும்.

பாறை ஓவியக் குகைகளில் மலைத்தேனீ கூடு தொங்கும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், பீடி பற்றவைக்காதீர்கள், கத்தாதீர்கள், மேலே நிமிர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போங்கள். தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி, அஞ்செட்டிப் பக்கம் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்க வேண்டாம். கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் யானைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். நான்கு மணிக்கு இறங்கத் தொடங்குங்கள்.

கடைசியாக, நல்லது செய்யும் ஆசை. சாய்ந்த கல்லை நிமிர்த்தி சிமென்ட் பூசுவது, சுற்றிலும் டைல்ஸ் பதிப்பது, வீரனுக்கு எனாமல் பெயின்டில் மீசை வரைவது. ஊரே செய்தால் அது அவர்கள் சாமி, பேசிப் பார்க்கலாம், அதற்குமேல் நமக்கு உரிமை இல்லை. ஆனால் நாம் நன்கொடை திரட்டிச் செய்வதற்கு என்ன சமாதானம் சொல்வது? கல்லைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிடலாம் என்பதும் உடனே வாயில் வரக்கூடாத பேச்சு. கேட்பாரற்றுக் கிடக்கிற, சாலை விரிவாக்கத்தில் உடையப் போகிற கல்லுக்கு அது சரி. தருமபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்களைப் போய்ப் பாருங்கள், காத்த கை தெரியும். படையல் போடுகிற கல்லுக்கு அது பொருந்தாது.

அந்தப் புளியமரத்தடிக் கல்லைப் பார்க்கப் பிறகு மூன்று தடவை போனோம். மூன்றாம் தடவைதான் எழுத்தின் கடைசி வரி தெளிவானது. படத்தையும் வாசிப்பையும் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, பூசாரியிடம் கொடுத்தோம். அந்த ஆயா படிக்கச் சொல்லிக் கேட்டார். தொறு மீட்டதை, பட்டதை எல்லாம் சொன்னோம். "மாட்டுக்குத்தான் செத்தாருன்னு எங்க மாமியாளே சொல்லும்" என்றார். அதையும் குறிப்பேட்டில், வாசிப்புக்கு மேலே, தேதியோடு எழுதிக்கொண்டோம்.