இறுகிய தோளுக்குக் கைச்சிகிச்சை எடுத்துக்கொள்வது எப்படி

ஜாக்கெட்டின் பின் கொக்கியை மாட்டக் கை போகவில்லை, பேருந்தில் மேல்கம்பியைப் பிடிக்க எழவில்லை, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் வலியில் தூக்கம் கலைகிறது என்றால், அது பெரும்பாலும் வெறும் சுளுக்கு அன்று. தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்கி, தடித்து, சுருங்கிவிடுவதால் வரும் இந்த நிலையைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் போன்ற பயிற்சி பெற்றவர் தம் கைகளாலேயே மூட்டை மெல்ல அசைத்துத் தளர்த்துவதுதான் இங்கே சொல்லும் கைச்சிகிச்சை. 40 வயது முதல் 60 வரை உள்ளவர்களுக்கு, அவர்களிலும் பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும், இது அதிகம் வருகிறது.

கொங்குப் பகுதியில் தோள் பிடித்துக்கொண்டால் முதலில் நினைவுக்கு வருபவர் சுளுக்கு எடுப்பவர். பல்லடம், சோமனூர் விசைத்தறிகளிலும் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் வேலை செய்பவர்கள், ஒரு ஷிப்ட் கூலி போய்விடுமே என்று எண்ணி, ஒரே இழுப்பில் சரியாகிவிடாதா என்று அவரிடம் போவதன் காரணம் புரிகிறது. எண்ணெய் தேய்த்து உருவிவிடுவதில் இறுகிய தசைக்கு இதம் கிடைக்கும்; அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சுருங்கிய மூட்டு உறையை வெடுக்கென்று இழுத்தால் வீக்கம் கூடும். எலும்பு மெலிந்த வயதான பெண்களுக்குக் கையெலும்பே முறியக்கூடும். இழுத்துவிட வேண்டாம் என்று கெஞ்சியே கேட்டுக்கொள்வேன்.

முதலில் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துகொள்ளலாம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து 90 பாகை மடக்கி, முன்கையை மட்டும் வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். நல்ல கை கதவு திறப்பதைப் போல வெளியே போகும். இறுகிய கை கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிடும். பிறகு கையைத் தளர்த்திக்கொண்டு, அதே அசைவை வீட்டில் இன்னொருவரை மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள். அவர் அசைத்தாலும் அதே இடத்தில் தடைபட்டால் மூட்டு உறைதான் இறுகியிருக்கக்கூடும். நீங்கள் தூக்கும்போது எழாத கை, மற்றவர் தூக்கும்போது முழுதாக எழுகிறது என்றால் தசைநாண் கிழிந்திருக்கலாம். அதற்கான சிகிச்சை வேறு. மூட்டுத் தேய்மானம் போன்றவையும் இதே அடையாளத்தைக் காட்டும் என்பதால், எலும்பு மருத்துவரிடம் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த பிறகே கைச்சிகிச்சைக்குப் போக வேண்டும்.

காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கியிருந்தாலும், கீழே விழுந்த பின் வலி தொடங்கியிருந்தாலும், முன்பு புற்றுநோய் வந்திருந்தாலும், காரணமின்றி எடை குறைந்தாலும், கை மரத்து வலுவிழந்தாலும் யாரும் தோளைத் தொடுவதற்கு முன் மருத்துவர் பார்க்க வேண்டும். நடக்கும்போதோ படியேறும்போதோ இடத்தோளில் வலி வந்து, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், அது தோளின் நோயன்று, இதயத்தின் நோயாக இருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது அவர் பி.பி.டி. அல்லது எம்.பி.டி. (பிசியோதெரபியில் இளநிலை, முதுநிலைப் பட்டங்கள்) படித்தவரா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும், நடமாட்டம் குறைந்தவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபி அளிக்க இடமிருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

நல்ல சிகிச்சையாளர் முதல் நாளே கட்டிலில் படுக்கச் சொல்லிவிட மாட்டார். இரவு வலி எப்படி, சர்க்கரை அளவு என்ன, என்ன வேலை செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டு, இரண்டு தோள்களின் அசைவையும் அளந்து எழுதிக்கொள்வார். அதன் பிறகு ஒரு கையால் தோளெலும்பை நிலையாகப் பிடித்து, மறு கையை மேற்கையெலும்பின் உச்சியில் வைத்து, அந்தப் பந்து மூட்டைக் கீழ்நோக்கியோ பின்னோக்கியோ மெல்ல நழுவச் செய்வார். ஆஸ்திரேலியரான ஜெஃப்ரி மெய்ட்லண்ட் இந்த அசைவை நான்கு படிகளாகப் பிரித்தார். முதல் இரண்டு படிகளில் கை தடையைத் தொடாமலே ஆடும். அவை வலியைத் தணிக்க. மூன்றாவதும் நான்காவதும் தடையின் எல்லைவரை போகும். அவை இறுக்கத்தைத் தளர்த்த. இரவில் தூங்கவிடாத வலி இருக்கும் மாதங்களில் மூன்றாம், நான்காம் படிக்குப் போவது தவறு என்பதே என் உறுதியான கருத்து. "இப்போது எந்தப் படியில் செய்கிறீர்கள்?" என்று நீங்களே கேட்கலாம்.

ஆஸ்டியோபதி, அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1874இல் வகுத்த இன்னொரு கைச்சிகிச்சை முறை. தோளுக்கு அதில் ஸ்பென்சர் முறை என்ற ஒன்று உண்டு. வலிக்கும் தோள் மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, முன்னும் பின்னும் வட்டமாகவும் ஏழு கட்டங்களில் கையை மெதுவாக அசைப்பார்கள். பிசியோதெரபியோடு ஒப்பிட்டால் கையாளும் விதம் மாறுகிறதே தவிர, நோக்கம் ஒன்றே. எந்த முறையானாலும் கழுத்தைச் சட்டென்று திருப்பிச் சொடக்கெடுக்க வந்தால் மறுத்துவிடுங்கள். அந்தச் சத்தம் மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உருவாவதால் வருகிறது; நகர்ந்த எலும்பு இடத்தில் போய் அமர்ந்ததால் வருவதன்று. அப்படித் திருப்பும்போது அரிதாகக் கழுத்து இரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போயிருக்கிறது.

சிகிச்சைக்குப் பின் லேசான வலி ஓரிரு நாள் இருப்பது இயல்பு. அதற்கு மேலும் நீடித்தால், அடுத்த முறை போனவுடன் அதைச் சொல்லி அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். பொறுத்துக்கொண்டு போவதால் பலன் கூடாது.

கட்டிலில் கிடைத்த அசைவு வீட்டுப் பயிற்சியால்தான் நிலைக்கும். பத்து நிமிடம் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு தொடங்குங்கள்; சர்க்கரை நோயால் தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவரைக் கொண்டு பார்த்துக்கொள்வது நல்லது. மேசையில் நல்ல கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சிறு வட்டமாக ஆட்டுங்கள். அடுத்து மல்லாந்து படுத்து, இரண்டு கைகளாலும் ஒரு குச்சியைப் பிடித்து, முழங்கை விலாவை விட்டு விலகாமல், நல்ல கையால் குச்சியைத் தள்ளி மற்ற முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். முதலில் போவதும் கடைசியில் திரும்புவதும் பெரும்பாலும் இந்த அசைவுதான் என்பதால் இதை விட்டுவிடவே கூடாது. மூன்றாவதாகச் சுவரை நோக்கி நின்று விரல்களால் மேலே நடந்து, எட்டிய உயரத்தில் வாரம் ஒருமுறை பென்சிலால் கோடிடுங்கள். அப்போது தோளைக் காதுவரை தூக்கியோ உடலைச் சாய்த்தோ ஏமாற்றாமல் இருக்க வேண்டும். ஒரேயடியாக அரைமணி நேரம் செய்வதைவிட, நாளுக்கு மூன்று நான்கு வேளை சிறிது சிறிதாகச் செய்வதே தோளுக்கு உகந்தது. ஷிப்டில் டீ இடைவேளைகூட இதற்குப் போதும். இரவில் மல்லாந்து படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்தால் வலி தணியும்.

இந்நோய் அடங்க ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம். ஆரம்ப மாதங்களில் மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி வலியை நன்றாகக் குறைக்கும். அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். 2020இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான, 503 பேரைக் கொண்ட பிரிட்டன் ஆய்வு ஒன்று, ஊசியோடு சேர்ந்த பிசியோதெரபி, மயக்கம் கொடுத்துத் தோளை அசைத்துவிடுவது, சிறுதுளை அறுவைசிகிச்சை ஆகிய மூன்றில் எதுவும் மற்றவற்றைவிடத் தெளிவாக மேலானதன்று என்று கண்டது. ஆகவே எளியதிலிருந்து தொடங்கலாம். சில மாதங்கள் ஒழுங்காகச் செய்தும் சுவர்க்கோடு உயரவில்லை என்றால் மற்ற இரண்டையும் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு மறு தோளும் பின்னால் இறுகக்கூடும் என்பதால், மாதம் ஒருமுறை அந்தக் கையிலும் விலாவோடு முழங்கையை ஒட்டிச் செய்யும் அதே சோதனையைச் செய்து பார்த்து, குறைவு தெரிந்தால் வலி முற்றுவதற்குள் போய்க் காட்டுங்கள்.