ஆற்றங்கரை ஊரில் கோடை ஓவியக் கண்காட்சி: முதன்முறை நடத்துபவர்களுக்கு

சேலத்துக்காரர்களிடம் கோடை விழா என்று சொன்னால் ஏற்காடுதான் நினைவுக்கு வரும். மே மாதம் அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரியில் படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி என்று மலையே நிரம்பி வழியும். அது அரசு நடத்தும் விழா, ஆள்பலமும் பணமும் உண்டு. மலைக்குக் கீழே, ஆற்றோரம் இருக்கும் சின்ன ஊர்களில் ஊர்க்காரர்களே சேர்ந்து மூன்று நாள் ஓவியக் கண்காட்சி நடத்துவது எப்படி என்பதுதான் இந்தப் பதிவு.

எடுத்துக்காட்டுக்குப் பூலாம்பட்டியை வைத்துக்கொள்வோம். இந்தக் கரை சேலம் மாவட்டம். படகேறி அக்கரை போனால் நெரிஞ்சிப்பேட்டை, அது ஈரோடு மாவட்டம். கதவணை இருப்பதால் கோடையிலும் காவிரியில் தண்ணீர் தேங்கி நிற்கும், சாயங்காலமானால் வெளியூர்க் கூட்டமும் வரும். சரபங்கா ஓடும் ஓமலூர், வசிஷ்ட நதிக்கரை ஆத்தூர் என்று எந்த ஊராக இருந்தாலும் முறை ஒன்றுதான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம் ஊர்களுக்குத் திருவிழா நடத்த யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பந்தல், ரசீது புத்தகம், நோட்டீஸ், சீரியல் செட், அன்னதானம் எல்லாம் அத்துப்படி. அந்தப் பழக்கத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாகக் கற்க வேண்டியவை இரண்டுதான்: படத்தை மாட்டுவது, அதற்கு வெளிச்சம் போடுவது. அவற்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

படி 1: தேதி

பள்ளி விடுமுறை இருக்கும் மே மாதம்தான் வசதி. தேர்வு முடிவு வரும் நாளைத் தவிருங்கள். அன்றைக்கு எந்த வீட்டிலும் ஓவியம் பார்க்கும் மனநிலை இருக்காது. மே முதல் வாரத்தில் கத்திரி வெயில் தொடங்கிவிடும் என்பதால் பகலில் திறந்து வைப்பதில் பயனில்லை. மாலை நான்கரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை போதும்.

ஊர் மாரியம்மன் பண்டிகை அந்தச் சமயத்தில் வந்தால் அதோடு சேர்த்துவிடுங்கள். கண்காட்சிக்குத் தனியாகக் கூட்டம் சேர்ப்பது கடினம், கூட்டம் போகும் வழியில் கண்காட்சியை வைப்பது சுலபம். மே மாதம் முடியாது என்பவர்கள் ஆடிப்பெருக்கை யோசிக்கலாம். ஆடி 18 பெரும்பாலும் ஆகஸ்ட் 2 அல்லது 3இல் வரும். ஆனால் அன்று எல்லோரும் ஈரத் துணியோடு இருப்பார்கள், கவனமெல்லாம் ஆற்றில் இருக்கும். என்னைக் கேட்டால் மே மாதமே மேல்.

படி 2: இடமும் அனுமதியும்

கல்யாண மண்டபம் வேண்டாம். வைகாசி முகூர்த்த நாட்களில் கிடைக்காது, கிடைத்தாலும் வாடகை கட்டாது, சுவரில் ஆணி அடிக்கவும் விடமாட்டார்கள். அதைவிட, பத்திரிகை இல்லாமல் மண்டபத்துக்குள் நுழைய நம் மக்கள் கூச்சப்படுவார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து படகுத்துறைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளித் தாழ்வாரமோ சமுதாயக் கூடமோ இருந்தால் அதுதான் சரி. மேற்குப் பார்த்த இடம் மட்டும் கூடாது, சாய்வெயில் படங்களின் மேல் நேராக அடிக்கும்.

பேரூராட்சி செயல் அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பள்ளி என்றால் தலைமையாசிரியர், அறநிலையத் துறைக் கோயில் இடம் என்றால் அந்த நிர்வாகம். மைக் செட்டுக்குத் தனியாக அனுமதி வேண்டும், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. மின்சாரத்துக்குத் தற்காலிக இணைப்பு கேளுங்கள், கம்பத்தில் கொக்கி போடும் யோசனையே வேண்டாம்.

ஆற்றுப் பக்கம் குழந்தைகள் சம்பந்தப்பட்ட எதையும் வைக்காதீர்கள். கதவணை திறந்து மூடும்போது தண்ணீர் மட்டம் மாறிக்கொண்டே இருக்கும். படித்துறைக்குப் போகும் வழியில் கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த இரண்டு பேரை மூன்று நாளும் நிறுத்துங்கள். இதில் சமரசமே கூடாது.

படி 3: படங்களைச் சேர்ப்பது

பிள்ளைகளின் சார்ட் ஓவியங்கள் தானாக வந்து குவியும். மயிலும் சூரிய உதயமுமாகவே வரும் என்பதால் தலைப்பு கொடுத்துவிடுங்கள்: ‘எங்கள் தெரு’, ‘படகு’, ‘சந்தை நாள்’. பார்த்து வரையச் சொல்லுங்கள், கைப்பேசியிலிருந்து நகலெடுத்ததைச் சேர்க்க வேண்டாம்.

பெரியவர்களிடம் இருப்பதைத்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். போர்டு எழுதும் பெயின்டர், பெரிய கோலம் போடும் அக்கா, கொலுசுக்கு மாதிரி வரைபவர் யாருமே தங்களை ஓவியர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள். இந்தப் பக்கம் தறி இல்லாத ஊர் குறைவு. சேலை முந்தியில் வரும் மயிலையோ மாங்காயையோ முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைவார்கள். ஒவ்வொரு சின்னக் கட்டமும் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் ஒரு புள்ளி. அதைப் பார்த்துத்தான், தறிக்கு மேலே இருந்து பாவு நூல்களைத் தூக்கும் ஜக்கார்டு பெட்டிக்கான அட்டையில் ஓட்டை போடுவார்கள். ஓட்டை இருக்கும் இடத்தில் பாவு நூல் மேலே தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. கிராஃப் தாள், அட்டை, நெய்த முந்தி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிப் பாருங்கள். மற்ற படங்களைவிட அங்கேதான் கூட்டம் நிற்கும். “அண்ணா, மூணு நாளைக்கு மட்டும் குடுங்க, பத்திரமா திருப்பித் தந்துடுறோம்” என்று கேட்டால் தராதவர் இல்லை.

வாங்கும் ஒவ்வொன்றுக்கும் ரசீது போடுங்கள். பெயர், வயது, தெரு, படத்தின் தலைப்பு, திருப்பித் தரும் தேதி. அதே எண்ணைப் பென்சிலால் படத்தின் பின்பக்கம் எழுதுங்கள். பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறித் தெரியும்.

எத்தனை படம் வாங்கலாம்? கடையில் விற்கும் சார்ட் 22 அங்குல அகலம், 28 அங்குல உயரம். பக்கத்துப் படத்துக்கும் இதற்கும் 8 அங்குலம் இடைவெளி விட்டால், நிமிர்த்தி மாட்டும் ஒரு சார்ட்டுக்கு இரண்டரை அடி ஆகிறது. ஐம்பது அடிச் சுவரில் இருபது படம். அவ்வளவுதான். இரண்டு வரிசையாக அடுக்கினால் துணிக்கடை மாதிரி ஆகிவிடும். படம் அதிகமாக வந்தால் நாளுக்கு ஒரு தொகுதி என்று மாற்றி மாற்றி மாட்டுங்கள். தன் படம் எந்த நாள் என்று கேட்டுக்கொண்டு வீட்டார் கட்டாயம் வருவார்கள்.

படி 4: மாட்டுவது

பந்தல்காரரிடம் சொல்லிவிட்டால் ரோஸும் மஞ்சளுமாகச் சுருக்கு வைத்த சாமியானாத் துணியைக் கொண்டுவந்து கட்டிவிடுவார். அதன் முன்னால் எந்தப் படமும் எடுபடாது. சாயம் போடாத வெறும் காடாத் துணி வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

படத்தின் மேல் விளிம்பை ஒரே நேர்க்கோட்டில் வைப்பதுதான் பலரும் செய்வது. ஒன்றாக இருக்க வேண்டியது படத்தின் நடு. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்புள்ளியைத் தரையிலிருந்து ஏறக்குறைய 57 அங்குலத்தில் வைப்பார்கள். நிற்கும் ஆளின் கண்ணுக்கு நேராக வரும் உயரம் அது. 28 அங்குல சார்ட்டில் நடுவிலிருந்து மேலே 14, கீழே 14. படங்களைக் கம்புகளுக்கு இடையே கட்டிய இரண்டு கயிறுகளில் கிளிப் போட்டு மாட்டப்போகிறோம். ஆக, மேல் கயிறு ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவாகவும், கீழ்க் கயிறு 43 அங்குலத்திலும் வர வேண்டும். சின்னப் பிள்ளைகளின் படங்களுக்கு மட்டும் தனிப் பகுதி ஒதுக்கி, மேல் கயிற்றை ஐந்தடிக்கு இறக்கிவிடுங்கள். வரைந்தவனே அண்ணாந்து பார்க்கும்படி வைப்பதில் என்ன நியாயம்?

கீழ்க் கயிறு எதற்கு என்று தோன்றும். ஆற்றுக் காற்றுக்குத்தான். பொழுது சாய்ந்ததும் காற்று கிளம்பும், மேலே மட்டும் கிளிப் போட்ட சார்ட் காற்றாடி போலப் புரளும், ஓரம் கிழியும். மேலே இரண்டு, கீழே இரண்டு என்று துணி கிளிப் போடுங்கள். கிளிப்பின் பல் படத்தில் பதியாமல் இருக்கச் சின்ன அட்டைத் துண்டை மடித்து இடையில் கொடுங்கள்.

சவுக்குக் கம்புகளை ஐந்தடிக்கு ஒன்றாக நடுங்கள். ஒரு இடைவெளிக்குச் சரியாக இரண்டு சார்ட். அதற்கு மேல் தள்ளி நட்டால் நடுவில் கயிறு தொய்ந்து எல்லாப் படமும் ஒன்றையொன்று பார்த்துச் சாயும். நைலான் கயிறு இழுத்துக்கொண்டே போகும், கட்டுக்கம்பி நிற்கும். கம்பி முனைகளை உள்பக்கம் மடித்து டேப் சுற்றிவிடுங்கள், பிள்ளைகள் கை வைக்கும் இடம்.

சார்ட்டை லேமினேட் செய்ய வேண்டாம். விளக்கு வெளிச்சம் பட்டால் படம் தெரியாது, பளபளப்புதான் தெரியும். தாள் ஈரக்காற்றில் சுருண்டுகொள்ளும் என்று பயந்தால் பின்னால் தடித்த அட்டை ஒட்டுங்கள்.

பெயர்ச் சீட்டைப் படத்தின் வலது கீழ் மூலைக்குப் பக்கத்தில், துணியில் குத்துங்கள். இரண்டடி தள்ளி நின்று கண்ணாடி இல்லாத தாத்தா படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். பெயர், வயது, தெரு, எதில் வரைந்தது. அப்பா பெயர் போட்டால் அம்மா பெயரையும் போடுங்கள்.

படி 5: வெளிச்சம்

சீரியல் செட் வாசலோடு நிற்கட்டும். படங்களுக்கு 9 வாட் எல்இடி பல்பு, ஐந்தடிக்கு ஒன்று போதும். வெள்ளையைவிட மஞ்சள் வெளிச்சம் நல்லது, பூச்சி குறைவாக வரும். ஆற்றங்கரையில் இது சின்ன விஷயம் இல்லை. இன்னொரு வழியும் உண்டு. கண்காட்சியிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி ஒரு பெரிய வெள்ளை விளக்கு போட்டுவிடுங்கள், பூச்சிகள் அங்கே கூடிக்கொள்ளும்.

பல்பைப் படத்துக்கு நேர் மேலே வைத்தால் மேல்பாதி மட்டும் வெளுக்கும், எதிரே வைத்தால் பார்ப்பவரின் நிழல் விழும். ஒன்பதடி உயரத்தில், துணியிலிருந்து இரண்டரை அடி முன்தள்ளி ஒரு கம்பு கட்டி அதில் தொங்கவிடுங்கள். ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் வெளிச்சம் விழும். பல்பு கண்ணில் அடிக்காமல் இருக்க ஆள் நிற்கும் பக்கம் ஒரு அட்டையைச் சாய்த்துக் கட்டினால் போதும். வயரிங்கை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள், ஜாயின்ட் எதுவும் தரையில் கிடக்கக் கூடாது.

மேயில் கோடை மழை சொல்லாமல் வரும். இருட்டிக்கொண்டு வந்தால் மெயினை அணைத்துவிட்டு, கிளிப்பைக் கழற்றிப் படங்களை உள்ளே எடுத்து வைக்கப் பக்கத்திலேயே ஒரு பூட்டும் அறை, ஒவ்வொரு பத்தடிக்கும் ஒரு ஆள். முதல் நாள் காலையிலேயே ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

படி 6: நோட்டீஸ்

பிளெக்ஸ் பேனர் வேண்டாம், அதற்கும் அனுமதி, அலைச்சல். கோயில் பண்டிகைக்கு அடிப்பது போல நோட்டீஸ் அடியுங்கள். தலைவர், சிறப்பு விருந்தினர் பெயரெல்லாம் அடியில் சிறிதாக, படம் கொடுத்த எல்லோருடைய பெயரும் தெருவாரியாக மேலே பெரிதாக. இருபது படம் என்றால் இருபது குடும்பம், மாமா, சித்தி, பெரியம்மா எல்லோரும் வந்துவிடுவார்கள். “தம்பி, எங்க பொண்ணு பேரு போட்டிருக்கா?” என்று கேட்டுக்கொண்டு டீக்கடையிலேயே வாங்கிப் படிப்பார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் அதையே படமெடுத்து அனுப்பினால் போதும். படகுக்காரரிடம் ஒரு கட்டு கொடுங்கள், அக்கரைக்கும் போய்ச் சேரும்.

படி 7: சாயங்கால நிகழ்ச்சி

நுழைவுக் கட்டணம் வைக்காதீர்கள். பேச்சாளர்களைக் கூப்பிடுவதைவிடத் தெருக்கூத்துக் கலைஞர்களைக் கூப்பிடலாம், சேலம் பக்கம் கூத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூத்தைவிட இங்கே பொருத்தமானது வேஷம் போடுவது. வழக்கமாகத் திரைக்குப் பின்னால் நடக்கும் வேலையை ஆறு மணிக்குக் கண்காட்சி நடுவிலேயே செய்யச் சொல்லிக் கேளுங்கள். வெறும் முகத்தில் அரிதாரம் பூசி, புருவம் இழுத்து, மீசை எழுதி, புஜக்கட்டையும் கிரீடமும் ஏறும் வரை பிள்ளைகள் அசையமாட்டார்கள். அதுவும் ஓவியம்தானே. சம்பளம் பேசும்போது இதற்கும் சேர்த்துப் பேசுங்கள். சேலம் குகையில் ஆடிப் பண்டிகையின்போது சாமி வேஷத்தோடு வரும் வண்டி வேடிக்கையைப் பார்த்தவர்களுக்கு இதன் ஈர்ப்பு புரியும்.

சாப்பாட்டுக் கடையில் தட்டுவடை செட் இல்லாமல் இருக்காது. இருக்கட்டும், ஆனால் வெளியேறும் வழியில் வையுங்கள். துருவிய பீட்ரூட்டும் காரச் சட்னியும் பட்ட விரலோடு உள்ளே வந்தால் நாலு படத்திலாவது சிவப்பு ரேகை பதியும். கடைக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும் சோப்பும்.

படி 8: இறக்குவது

கடைசி நாள் இரவே இறக்கிவிடுங்கள், காலையில் ஆள் வராது. சார்ட்டை மடிக்காமல், வண்ணம் வெளிப்பக்கம் இருக்கும்படி தளர்வாகச் சுருட்டி, ரசீது எண்ணைப் பார்த்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். யாராவது படத்தை விலைக்குக் கேட்டிருந்தால் வரைந்தவரிடம் நேரில் பேசவிடுங்கள், நடுவில் நிற்க வேண்டாம். ஒரு வாரத்துக்குள் வரவு செலவை எழுதிப் பேரூராட்சி அறிவிப்புப் பலகையிலும் நோட்டீஸ் ஒட்டிய டீக்கடையிலும் ஒட்டுங்கள். மிச்சப் பணம் இருந்தால் எவ்வளவு, யார் கையில் இருக்கிறது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.