மாடல் ரயில் லேஅவுட்டில் சத்தத்தைக் குறைப்பது எப்படி

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீடு எட்டாவது மாடி, ஒரு அறை முழுக்க எச்ஓ அளவு மாடல் ரயில் தண்டவாளம். சவுண்ட் டிகோடர் (இன்ஜின் சத்தத்தை எழுப்பும் சின்ன சர்க்யூட்) போட்ட நான்கு இன்ஜின்களை முதன்முதலாக ஒன்றாக ஓட்டிய அன்று கால் மணி நேரத்தில் தலைவலி வந்துவிட்டது, கீழ் வீட்டு அக்காவும் ஏறி வந்து "தம்பி, மேல என்ன மிஷின் ஓடுது?" என்று கேட்டார். அதற்கப்புறம் ஒவ்வொன்றாகச் சரிசெய்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

முதல் வேலை வால்யூம். புது டிகோடர் பெரும்பாலும் வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகச் சத்தத்தோடுதான் வரும். எச்ஓ என்றால் 1:87, அதாவது அசலில் 87-இல் ஒரு பங்கு, அதனால் மேசையிலிருந்து 60 செ.மீ. தள்ளி நின்றால் அசல் இன்ஜினிலிருந்து 52 மீட்டர் தள்ளி நிற்கிறீர்கள். அப்பா செந்தூல் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தவர், சின்ன வயதில் டீசல் இன்ஜின் சத்தம் கேட்டே வளர்ந்தேன். சும்மா நிற்கும் இன்ஜின் அந்தத் தூரத்தில் நெஞ்சுக்குள் உறுமும், காதைக் குத்தாது. அந்த உறுமல்தான் நமக்கு வேண்டும்.

டிகோடரின் ஒவ்வொரு செட்டிங்குக்கும் சிவி என்று ஒரு எண் உண்டு. லோக்சவுண்ட் டிகோடரில் மொத்த வால்யூம் சிவி 63, சுனாமி 2-இல் சிவி 128, ஜிமோவில் சிவி 266. அந்த சிவியில் இப்போதுள்ள மதிப்பை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் பாதியாக்குங்கள், பிறகு இன்ஜினை ஓடவிட்டே மெயின் தண்டவாளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்குங்கள். எப்போதும் ஃபேன் போட்டுத்தான் ஓட்டுவீர்கள் என்றால் ஃபேனைப் போட்டே செய்யுங்கள். ரயில் அறையின் மறுகோடிக்குப் போனதும் இன்ஜின் சத்தம் மங்க வேண்டும், ஹார்ன் மட்டும் எட்டினால் போதும். லோக்சவுண்டில் சிவி 8-இல் 8 என்று எழுதிவிடாதீர்கள், செய்த மாற்றமெல்லாம் போய் கன்ட்ரோலரில் இன்ஜினைக் கூப்பிடும் முகவரி எண்ணும் 3-க்குத் திரும்பிவிடும்.

குறைத்ததும் சத்தம் சன்னமாகி, தகர டப்பா மாதிரி கேட்கிறதா? ஸ்பீக்கர் பெட்டியைப் பாருங்கள். ஸ்பீக்கரின் முன்பக்கச் சத்தமும் பின்பக்கச் சத்தமும் கலந்தால் அடிக்குரல் செத்துப்போகும், அதனால் பெட்டி காற்றுப்புகாமல் மூடியிருக்க வேண்டும். என் இன்ஜின் ஒன்றில் வயர் வெளியே வரும் துளை மட்டும் திறந்திருந்தது, குண்டூசித் தலை அளவுதான். புளூ டேக்கை உருட்டி விரல் நுனியால் அழுத்தி அடைத்தேன், உறுமல் வந்துவிட்டது, வால்யூமை இன்னும் இறக்கினேன்.

நிறைய பேர் கவனிக்காதது பலகை. பிளைவுட்டில் நேராகத் தண்டவாளம் பதித்தால் மேசையே மேளமாகிவிடும், சக்கரத்தின் கடகட சத்தத்தை அமுக்கத்தான் வால்யூமை ஏற்றுகிறோம். அடியில் கார்க் போடுங்கள். ஜல்லி ஒட்டும்போது வெள்ளைப் பசை காய்ந்து கெட்டியாகி அதிர்வைப் பலகைக்குக் கடத்தும், லேடெக்ஸ் பசை காய்ந்தாலும் இளக்கமாக இருக்கும். மேசைக் கால்களுக்கு ரப்பர் கட்டை வைத்தால் கான்கிரீட் தரை வழியாகக் கீழ் வீட்டுக்குப் போவதும் குறையும்.

கடைசியாக, நிறுத்தி வைத்த இன்ஜின்கள். ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு சேர்ந்தால் 3 டெசிபல் கூடும், பத்து சேர்ந்தால் 10. மியூட் பட்டன் இருக்கிறது, சில டிகோடருக்குக் கன்ட்ரோலரின் எஃப்8 பட்டன், ஆனால் ஒவ்வொரு இன்ஜினாக அழுத்துவது அலுப்பு. யார்டின் ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் தனி சுவிட்ச் போடுங்கள், மின்சாரம் போனால் இன்ஜினும் அமைதி.