‘கிளம்புறேன்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்லும்போது எந்த வினைச்சொல்லை எடுப்பது?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பக்கத்து மேசைக்காரருக்கு வந்த போனை நான் எடுத்தேன். அவர் ஒரு சின்ன வேலையாகக் கீழே போயிருந்தார், பத்து நிமிடத்தில் வந்துவிடுவார். நான் ‘ஹி ஹேஸ் லெஃப்ட்’ என்று சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, அப்புறம் “அப்படியா, எப்போது? அவர் பார்த்த வேலையை இனி யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார்கள். இலக்கணத்தில் ஒரு தப்பும் இல்லை, ஆனால் கேட்டவர் காதில் ‘அவர் வேலையை விட்டே போய்விட்டார்’ என்று விழுந்துவிட்டது. அன்றிலிருந்து இந்தப் ‘போகிற’ வினைச்சொற்களை நான் உன்னிப்பாகக் கவனிக்க ஆரம்பித்தேன்.

நாம் இதில் வழுக்குவதற்குக் காரணம் இருக்கிறது. தமிழில் கிளம்பும்போது ‘போயிட்டு வரேன்’ என்கிறோம், சில சமயம் வெறும் ‘வரேன்’ என்றே சொல்கிறோம். திரும்பி வருவது அந்தப் பேச்சுக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அதைத் தனியாகச் சொல்வதில்லை, எந்த வினைச்சொல்லை எடுக்கிறோமோ அதுதான் திரும்பி வருவோமா மாட்டோமா என்பதைக் காட்டிக்கொடுக்கும். அதனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: போனவர் எப்போது திரும்புவார்?

கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவார் என்றால் ‘ஹி ஹேஸ் ஸ்டெப்ட் அவுட்’. இன்றைக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போய்விட்டார், நாளைக்கு வருவார் என்றால் ‘ஹி ஹேஸ் லெஃப்ட் ஃபார் தி டே’. வேலையையே விட்டுவிட்டார் என்றால் ‘ஹி ஹேஸ் லெஃப்ட் தி கம்பெனி’. வெளியூர் போயிருக்கிறார், இன்னும் வரவில்லை என்றால் ‘ஹேஸ் கான் டு’, போய்விட்டு வந்தாயிற்று என்றால் ‘ஹேஸ் பீன் டு’. இந்தக் கடைசி இரண்டையும் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. நீங்கள் எதிரில் நின்றுகொண்டே ‘ஐ ஹேவ் கான் டு லண்டன்’ என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அப்போது நீங்கள் லண்டனில் அல்லவா இருக்க வேண்டும்! ‘ஐ ஹேவ் பீன் டு லண்டன்’ என்பதுதான் சரி. அதே மாதிரி, கிளம்பும்போது ‘வரேன்’ என்பதை அப்படியே ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவரை நோக்கி நீங்கள் வந்துகொண்டிருப்பதாகத்தான் அதற்கு அர்த்தம்.

இனி ‘லீவ்’. இந்த ஒரு சொல்லை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது, அதனால் இதில் கொஞ்சம் நின்று போகலாம். நம்மில் பலர் ‘ஐ லெஃப்ட் ஃப்ரம் ஆஃபீஸ்’ என்கிறோம், மனதில் ‘ஆபீஸிலிருந்து கிளம்பினேன்’ என்று ஓடுவதால். அதையே ‘ஆபீஸை விட்டுக் கிளம்பினேன்’ என்று நினைத்துப் பாருங்கள், ‘இலிருந்து’ போய் ‘ஐ’ என்ற தமிழ் வேற்றுமை உருபு வந்துவிடும், ஃப்ரம்மும் கூடவே போய்விடும்: ‘ஐ லெஃப்ட் தி ஆஃபீஸ் அட் 6’. பழைய ஆங்கிலத்தில் இந்த வினைக்கு ‘மீதி வைத்தல், பின்னால் விட்டுவைத்தல்’ என்றுதான் பொருள், ‘கிளம்புதல்’ என்பது பிற்பாடு வந்து சேர்ந்தது. போனை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தால் ‘ஐ லெஃப்ட் மை ஃபோன் அட் ஹோம்’ என்பதும், இன்னும் இரண்டு நாள்தான் மீதி என்பதற்கு ‘டூ டேஸ் லெஃப்ட்’ என்பதும் அந்தப் பழைய பொருளிலிருந்து வருபவைதான். ஃப்ரம் வரும் இடமும் உண்டு, அது புறப்படும் புள்ளியைக் காட்டும்போது: ‘தி டிரெயின் லீவ்ஸ் ஃப்ரம் பிளாட்ஃபார்ம் 4’. போகும் இடத்தைச் சொல்ல ‘லீவ் ஃபார்’, அங்கே ‘டு’ போடக் கூடாது.

நாம் எடுக்கிற ‘லீவு’ இருக்கிறதே, அது வேறு சொல். அனுமதி என்ற பொருளுள்ள இன்னொரு பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது, எழுத்து மட்டும் ஒன்றாகிவிட்டது. ‘டேக் லீவ் ஆஃப்’ என்றால் விடைபெறுதல். தமிழிலும் ‘விடை’ என்பதற்கு அனுமதி என்ற பொருள் உண்டு, இரண்டு மொழியும் கிளம்புவதற்கு முன் அனுமதி கேட்கின்றன என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்.

ஆளோடு ‘லீவ்’ சேரும்போது மட்டும் ஜாக்கிரதை. ‘ஐ ஆம் லீவிங்’ என்றால் கிளம்புகிறேன், அவ்வளவுதான். கணவனோ மனைவியோ ‘ஐ ஆம் லீவிங் யூ’ என்றால் உறவை முறித்துக்கொண்டு போகிறார்கள் என்று பொருள். ‘உன்னை ஸ்டேஷன்ல விட்டுட்டு வரேன்’ என்பதற்கும் ‘ஐ வில் லீவ் யூ’ என்று போகாதீர்கள், ‘ஐ வில் டிராப் யூ ஆஃப் அட் தி ஸ்டேஷன்’ என்று சொல்லுங்கள்.

நாலு பேர் கூடிப் பேசிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து எழும்போது ‘ஐ ஆம் லீவிங்’ என்று மொட்டையாகச் சொன்னால் கோபித்துக்கொண்டு போவதுபோல இருக்கும். ‘ஐ ஷுட் கெட் கோயிங்’ அல்லது ‘ஐ பெட்டர் பி ஆஃப்’ என்பது ‘சரி, கிளம்பட்டுமா’ என்பதன் இதத்தோடு இருக்கும், நான் பெரும்பாலும் முதலில் சொன்னதைத்தான் பயன்படுத்துகிறேன். அவசரம் என்றால் ‘ஐ ஹேவ் டு ரன்’. எங்கே போகிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல ‘ஹெட்’ ரொம்ப வசதி: ‘ஐ ஆம் ஹெடிங் ஹோம்’, இங்கே ஹோமுக்கு முன்னால் ‘டு’ வராது. பயணம் தொடங்குவதற்கு ‘செட் ஆஃப்’. ‘டேக் ஆஃப்’ விமானத்துக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், ஒருவர் சட்டென்று கிளம்பிப் போனாலும் ‘ஹி டுக் ஆஃப்’ என்பார்கள், பேச்சுவழக்கு, கடிதத்தில் எழுத வேண்டாம்.

‘டிபார்ட்’ அறிவிப்புப் பலகையின் சொல். ரயிலும் விமானமும் டிபார்ட் ஆகட்டும், நீங்கள் நண்பரிடம் ‘ஐ ஆம் டிபார்ட்டிங்’ என்றால் விறைப்பாக இருக்கும், போதாததற்கு ‘தி டிபார்ட்டட்’ என்றால் இறந்தவர் என்று அர்த்தம். ‘எக்ஸிட்’ கதவு, நெடுஞ்சாலை, கணினி ஆகியவற்றோடு நிற்பது நல்லது. அது லத்தீனில் ‘வெளியே போகிறார்’ என்ற முழு வாக்கியம், ஆங்கில நாடகப் பிரதிகளில் மேடைக் குறிப்பாக வந்தது. ‘வெக்கேட்’ என்றால் அடுத்தவருக்காகக் காலி செய்வது, நோட்டீஸில் எழுதுவார்கள். பேச்சில் வீடு மாறினால் ‘வி மூவ்டு அவுட்’ போதும். ‘எவாக்குவேட்’ ஆபத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுவது, இதையும் வெக்கேட்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

வேலையை விடுவதற்கு ‘க்விட்’ பேச்சு, ‘ரிசைன்’ எழுத்து. க்விட்டுக்கு இறந்தகாலமும் க்விட்தான், ‘ஐ க்விட் லாஸ்ட் மன்த்’. பதவியிலிருந்து இறங்கினால் ‘ஸ்டெப் டவுன்’, வயதாகி ஓய்வு பெற்றால் ‘ரிட்டையர்’. ரிசைனில் ஒரு கண்ணி இருக்கிறது: ‘ரீ’க்குப் பிறகு சிறுகோடு போட்டு எழுதினால் ‘மறுபடி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்’ என்று நேர் எதிரான பொருள் வந்துவிடும். விளையாட்டுச் செய்தி படிக்கும்போது அந்தக் கோட்டைத் தேடிப் பாருங்கள்.

எப்படிப் போனார் என்பதையும் ஆங்கிலம் வினையோடு ஒட்டிவிடும். கோபத்தில் விருட்டென்று போனால் ‘ஸ்டார்ம்டு அவுட்’, யாருக்கும் தெரியாமல் நழுவினால் ‘ஸ்லிப்டு அவே’, எதிர்ப்பைக் காட்டி வெளிநடப்பு செய்தால் ‘வாக்டு அவுட்’. இதில் ‘வாக்டு அவுட் ஆன்’ என்று ஒரு ‘ஆன்’ சேர்ந்தால் கைவிட்டுப் போனார் என்றாகிவிடும். ‘எஸ்கேப்’பிலும் இதே மாதிரி நுணுக்கம். ‘எஸ்கேப்டு ஃப்ரம் பிரிசன்’ என்றால் உள்ளே இருந்து தப்பி ஓடினார், ‘எஸ்கேப்டு பிரிசன்’ என்றால் சிறைக்கே போகாமல் தப்பித்தார் என்றும் புரிந்துகொள்வார்கள்.

கடைசியாக, கல்லூரியை விட்டு வெளியே வந்ததைச் சொல்ல நாம் சர்வசாதாரணமாகப் பயன்படுத்தும் ‘பாஸ்டு அவுட்’. நம் ஊர் ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2015’ என்றால், 2015இல் மயங்கி விழுந்தேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். பயோடேட்டாவில் அந்த வரி இருந்தால் இன்றைக்கே ‘கிராஜுவேட்டட்’ என்று மாற்றிவிடுங்கள்.