கிராம சபைக்கு ஊரை வரவழைப்பது எப்படி

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது. மக்கள்தொகை 500 வரையுள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் வந்தாக வேண்டும். பல ஊர்களில் இந்த எண்ணிக்கைக்கே ஆள் தேட வேண்டியிருப்பதைப் பார்த்து, மக்களுக்கு அக்கறையில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. முகம் பார்த்து அழைக்க ஆளில்லாமல், தங்கள் தெருவின் குறை பேசப்படும் என்ற நம்பிக்கையும் இல்லாமல் நடக்கும் கூட்டத்துக்கு யாரும் மெனக்கெட்டு வரமாட்டார்கள்.

ஆகவே கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே வீடு வீடாகச் செல்லத் தொடங்குங்கள். தனியாகப் போகாமல், அந்தந்தத் தெருவில் நாலு பேருக்கு வேண்டியவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுவின் ஊக்குநர், பால் சொசைட்டியில் பால் அளப்பவர், மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர், அங்கன்வாடிப் பணியாளர் ஆகியோருக்கு எந்த வீட்டில் என்ன சிக்கல் என்பது தெரியும். வாசலில் நின்று "கூட்டத்துக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு நகர்வதில் பயனில்லை. "அக்கா, உங்க தெருவுக்குத் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருதரம் வருது?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே, தெருப் பெயரோடு நோட்டில் எழுதுங்கள். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டி, "இதைச் சபையில நீங்களே எழுந்து சொல்லணும், பக்கத்துல நான் இருப்பேன்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். தன் குறை தன் வாயால் பேசப்படப் போகிறது என்று தெரிந்தவர், அடுத்த வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார்.

ஊர்த்தெருவில் தொடங்கிக் காலனிக்குக் கடைசியில் போகும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சபை எப்போதும் ஒரே பகுதியில் கூடினால் மற்றவர்கள் அதை அந்தப் பகுதியினரின் கூட்டமாகவே எண்ணி ஒதுங்கிவிடுவார்கள் என்பதால், குக்கிராமங்களில் மாறி மாறி நடத்தும்படி ஊராட்சித் தலைவரிடமோ, தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத ஊரில் அவர் இடத்தில் இருக்கும் தனி அலுவலரிடமோ நேரில் கேளுங்கள். கோயில் மண்டபம் வேண்டாம். எல்லோரும் தயக்கமின்றி உட்காரக்கூடிய பள்ளி வளாகமோ சமுதாயக் கூடமோ போதும். ஊராட்சிச் செயலரிடமும் முகம் கொடுத்துப் பழகுங்கள். அவரைப் பகைத்துக்கொண்டு கூட்டத்தில் பேசவேண்டியவற்றின் பட்டியலான பொருள்நிரலில் எதையும் சேர்க்க முடியாது.

சபை நாளில் பெண்கள் பின்வரிசைக்கு ஒதுங்காதபடி முன்னிடத்தை அவர்களுக்கு விட்டுவையுங்கள். தீர்மானங்களை உரக்கப் படிக்கச் செய்த பிறகே பதிவேட்டில் கையெழுத்திடும்படி எல்லோரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வெற்றுப் பக்கத்தில் போடும் கையெழுத்து, பேசிய பேச்சையெல்லாம் வீணாக்கிவிடும்.

பெரும்பாலோர் தவறவிடும் வேலை இதற்குப் பின்னரே வருகிறது. ஒரு வாரத்துக்குள் அதே நோட்டுடன் அதே வீடுகளுக்குத் திரும்பிச் சென்று, எது தீர்மானமானது, எது ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போயிருக்கிறது, எது நிராகரிக்கப்பட்டது, ஏன் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். நடக்காததையும் சொல்பவரின் அழைப்பைத்தான் ஊர் அடுத்த முறையும் மதிக்கும். அடுத்த சபையில், சென்ற தீர்மானங்கள் எந்த நிலையில் உள்ளன என்பதையே முதல் பொருளாக எடுக்கும்படி, குறை சொன்னவர்களைக் கொண்டே கேட்கச் செய்யுங்கள்.