பழைய மாருதி 800-இன் வெளுத்த பம்பரைத் திரும்பக் கறுப்பாக்குவது எப்படி?

திருநெல்வேலி வெயிலில் நிற்கும் பழைய மாருதி 800-இல் பாடி பெயின்ட் எப்படியோ தாக்குப்பிடித்துவிடும். பம்பர், கண்ணாடி மூடி, கதவில் ஓடும் கறுப்புப் பட்டை இவைதான் முதலில் சாம்பல் பூக்கும். எங்கள் வீட்டு வண்டி 1998 மாடல். பாளையங்கோட்டையில் ஷெட் இல்லாமல் தெருவிலேயே நின்றது. பட்டறையில் ஒருமுறை பம்பருக்குக் கறுப்பு அடித்துக் கொடுத்தார்கள். அடுத்த சித்திரைக்குள் அது பாம்புச் சட்டை மாதிரி உரிந்து வந்தது. அப்புறம்தான் இந்த வேலையை முறையாகக் கற்றுக்கொண்டு நானே செய்தேன். அது இன்றும் உரியாமல் நிற்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பம்பரில் டீசல், கிரீஸ், தேங்காய் எண்ணெய் என்று எதையும் தடவாதீர்கள். இரண்டு நாள் பளபளக்கும், பிறகு செம்மண் புழுதி அப்பிக்கொள்ளும். ஹீட் கன் வைத்துச் சூடுகாட்டினால் கறுப்பு திரும்பும் என்பது உண்மைதான். ஆனால் வெயில் அரித்த மேல்தோலைத்தான் அந்தச் சூடு உருக்கி மூடுகிறது. சில மாதங்களில் பழையபடி வெளுக்கும். நிலைக்க வேண்டுமென்றால் பெயின்ட்தான்.

என்ன பிளாஸ்டிக்?

பம்பரைக் கழற்றிவிடுங்கள். போல்ட் துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் மாலையே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். கழற்றியதும் உட்பக்கம் பாருங்கள். பிபி (PP) அல்லது ஏபிஎஸ் (ABS) என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் அச்சு இருக்கும், இரண்டும் பிளாஸ்டிக் வகைகள். அச்சு இல்லையென்றால் உட்புற ஓரத்தில் ஒரு சின்னத் துணுக்கைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபி. மூழ்கினால் ஏபிஎஸ் ஆக இருக்கலாம், டால்க் என்கிற கனிமப் பொடி கலந்த பிபியாகவும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் பிபி என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், நஷ்டம் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், பிபி என்கிற பாலிபுரொப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. நேரடியாக அடிக்கும் பெயின்ட் அதன்மேல் சும்மா படுத்துக் கிடக்கும், பிடிக்காது.

கழுவுவது: இங்கேதான் வேலை கெடுகிறது

உரிந்த பம்பர்களில் பாதிக்கு மேல் பெயின்டின் குறை அல்ல, சிலிக்கானின் வேலை என்பது என் கருத்து. வருஷக்கணக்காக வாட்டர் வாஷ் போகும் இடத்தில் எல்லாம் டேஷ்போர்டு பாலிஷ், டயர் பாலிஷ் என்று தடவியிருப்பார்கள். அதில் உள்ள சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாது, சோப்புக்கும் முழுசாகப் போகாது. அதன்மேல் பெயின்ட் பட்டால் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகும்.

வரிசை மாறக் கூடாது: முதலில் கழுவுங்கள், அப்புறம்தான் உப்புத்தாள். கழுவாமல் தேய்த்தால் கீறல்களுக்குள் சிலிக்கானை நாமே இறக்கிவிடுவோம், பிறகு எடுக்கவே முடியாது.

பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பும் பச்சை ஸ்க்ரப்பரும் போதும். இரண்டு தடவை தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டு அலசி, நன்றாகக் காயவிடுங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். செல்போன் சர்வீஸ் சாமான் விற்கும் கடையில் "அண்ணாச்சி, ஐபிஏ இருக்கா?" என்று கேளுங்கள், கிடைக்கும். நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, உடனே இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தானாக ஆறவிட்டால் கரைந்த அழுக்கு அங்கேயே திரும்பப் படியும். துணியை அடிக்கடி மாற்றுங்கள். பெட்ரோல் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். தின்னர் ஏபிஎஸ்ஸை இளக்கிவிடும்.

முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சீராகப் பரவி நின்றால் சரி. ஏதாவது ஓர் இடத்தில் மட்டும் விலகி முத்து முத்தாக உருண்டால் அங்கே இன்னும் பாலிஷ் இருக்கிறது. அந்த இடத்தைத் திரும்பத் துடையுங்கள். சலித்துக்கொள்ளாமல் இதைச் செய்தால் மற்ற வேலை சுலபம்.

தேய்ப்பது

வழுவழுப்பான இடத்தில் 400, பிறகு 600 எண் வாட்டர் பேப்பர் (ஈரத்தில் தேய்க்கும் உப்புத்தாள்), தண்ணீர் தொட்டுத்தான். உலர்வாகத் தேய்த்தால் பிபி பஞ்சு பஞ்சாக முடி எழும்பும். புள்ளி புள்ளியாகச் சொரசொரப்பான பம்பர் என்றால் தாளே வேண்டாம். புள்ளிகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகிவிடும். அங்கே பச்சை ஸ்க்ரப்பர் போதும். காய்ந்த பின் மறுபடி ஐபிஏ. அதற்குப் பிறகு வெறுங்கையால் தொடாதீர்கள்.

ப்ரைமரும் பெயின்டும்

பிளாஸ்டிக் ப்ரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் அடிக்கும் பூச்சு, வாங்கும்போது பிபி-க்குப் பொருந்தும் என்று டப்பாவில் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஎஸ்-க்கு மட்டும் ஆனதும் கடையில் உண்டு. காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் பெயின்டில் பிடியுங்கள், ப்ரைமரில் வேண்டாம். மெலிசாக இரண்டு கோட், பிறகு அந்த டப்பாவில் சொன்ன நேரத்துக்குள் பெயின்ட்.

பெயின்ட் சாட்டின் (பாதிப் பளபளப்பு) கறுப்பு வாங்குங்கள். கிளாஸ் (முழுப் பளபளப்பு) அடித்தால் பழைய வண்டிக்குப் பொருந்தாமல் தெரியும், மேட் (பளபளப்பே இல்லாதது) சீக்கிரம் கறைபடும். ஸ்ப்ரே கேனை 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, பம்பருக்கு வெளியே ஆரம்பித்து வெளியே முடியுங்கள். மெலிசாக மூன்று கோட், இடையில் பத்துப் பத்து நிமிஷம். முதல் கோட்டில் அடி தெரிந்தால் தெரியட்டும். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் வழியும்.

நம் ஊரில் நேரம் பார்த்துத்தான் அடிக்க வேண்டும். மத்தியான வெயிலில் பெயின்ட் பாதி வழியிலேயே காய்ந்து மணல் மாதிரி விழும். ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று புழுதியைக் கொண்டுவந்து ஈரப் பெயின்டில் ஒட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரக் காற்றால் பெயின்ட் வெளுத்துப் பூக்கும். தை, மாசியில் பனி விலகிய பிறகு காலை எட்டரையிலிருந்து பதினொன்று வரை, நிழலில் அடிப்பது என் வழக்கம். ஸ்ப்ரே கேனை வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் வைக்காதீர்கள். 50 டிகிரிக்கு மேல் சூடானால் அது வெடிக்கலாம்.

கழற்றாமல் அடிப்பவர்கள் செய்தித்தாளை இரண்டு மடிப்பாக ஒட்டுங்கள், ஒற்றைத் தாளில் பெயின்ட் ஊறிப் பாடியில் இறங்கும். கடைசிக் கோட் முழுசாக இறுகுமுன் டேப்பை உரியுங்கள். ஒரு வாரம் வாட்டர் வாஷ் கூடாது.

பிறகு சேர்த்தது

இதைப் பார்த்துச் செய்த ஒருவருக்கு மறுநாள் குறை இடங்களைத் திருத்தும்போது பெயின்ட் சுருங்கிவிட்டது. அடியில் உள்ள கோட் அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது மேலே அடித்தால் இப்படி ஆகும். ஒன்று, டப்பாவில் சொன்ன சில நிமிஷங்களுக்குள் அடிக்க வேண்டும். இல்லையென்றால் அது சொல்கிற மணிக்கணக்கு முழுசாகக் கழிந்த பிறகு.

கடலோர உவரிப் பக்கம் இருப்பவர் வைப்பர் கைக்கும் இதே முறையா என்று கேட்டார். இல்லை, அது இரும்பு. உப்புக்காற்றில் துரு எப்படியும் வரும். துருவை மொத்தமாகச் சுரண்டி, உலோகத்துக்கான ப்ரைமர் அடித்து, அதே சாட்டின் கறுப்பைப் போடுங்கள். பிளாஸ்டிக் ப்ரைமர் அங்கே வீண். கண்ணாடி ஓர ரப்பரில் பெயின்டே படக் கூடாது. கதவு மூடித் திறக்கும்போது வெடித்து உதிரும்.