நிற்கும்போது மட்டும் கார் சூடாகுதா? முதலில் ஏசியைப் போட்டுப் பாருங்கள்

கல்முனை சந்தை நெரிசலில் நிற்கும்போது வெப்ப ஊசி ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால், பொனட்டைத் திறந்து, என்ஜின் ஓடும்போதே ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ரேடியேட்டர் ஃபேன் அப்போதே சுற்ற வேண்டும். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்கும். நின்றால் அந்த வேலை முழுக்க ஃபேனுடையது.

ஏசி போட்டால் சுற்றி, சூடேறும்போது தானாகச் சுற்றாவிட்டால், மோட்டார் நல்லது. வெப்ப சென்சரையும் அதன் வயரையும் பாருங்கள். இரண்டு ஃபேன் உள்ள காரில் இரண்டையும் தனித்தனியே கவனியுங்கள். எதுவுமே அசையாவிட்டால் முதலில் ஃபியூஸ். பிறகு, ரிலேயை (மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சிறு சுவிச்) பாருங்கள்: அதே எண்ணுள்ள ஹோர்ன் ரிலேயை ஃபேன் ரிலேயின் இடத்தில் மாற்றிப் போட்டுப் பாருங்கள், செலவே இல்லை. அதற்கும் அசையாவிட்டால், ஃபேன் மோட்டாரின் வயர் பிளக்கைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த வயரால் பற்றரியின் 12 வோல்ற்றை மோட்டாருக்கு நேரடியாகக் கொடுங்கள். சுற்றாவிட்டால் மோட்டார்தான் போயிருக்கிறது. கல்லடி, காத்தான்குடி போன்ற கரையோரங்களில் உப்புக்காற்றால் பிளக் முனைகள் பச்சை பூத்துப்போகும். மோட்டார் வாங்குமுன் அவற்றைச் சுரண்டிப் பாருங்கள்.

ஃபேன் எந்த நேரமும் சுற்றத் தொடங்கலாம், கையை உள்ளே விடாதீர்கள். கூலன்ட் அளவை என்ஜின் நன்றாக ஆறிய பிறகே பாருங்கள். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

பெல்ற்றில் ஃபேன் சுற்றும் பழைய டீசல் வான், பிக்கப்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. வேகமாக ஓடும்போதும் சூடேறினால் தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைபட்ட ரேடியேட்டர் பக்கம் தேடுங்கள்.